பின்பக்கம் பச்சை

இலங்கைத் தீவு உலகத்துக்கு வழங்கிய பெருங்கொடைகள் இரண்டு. ஒன்று தேயிலை. மற்றது 'கொழும்பு முதற்கார் நினைவோர் மன்றம்'. தேயிலையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். மன்றத்தைப் பற்றி ஒருவரும் எழுதாதது வரலாற்றுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

மன்றத்தின் பணி மகத்தானது. மாதக் கடைசியில் அரசாங்கம் பெற்றோல் விலையைத் திருத்தும். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, வெள்ளவத்தையில் நபீஸ் ஹாஜியாரின் துணிக்கடை மேல்மாடியில் அங்கத்தவர்கள் கூடி, தத்தம் முதல் காருக்கு அந்தக் காலத்தில் பெற்றோல் அடித்த விலையை நினைவுகூர்வார்கள். அரசாங்கம் விலையைக் கூட்டினால் மன்றம் நினைவைக் குறைக்கும். நாட்டின் பொருளாதாரத்தைச் சமநிலையில் வைத்திருக்க வேறு யார் இவ்வளவு பாடுபட்டார்கள்?

ஆகக் குறைந்த விலையை நினைவு வைத்திருப்பவரே தலைவர். மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை. தலைவருக்கு மட்டும் மெத்தை போட்ட, கைவைத்த கதிரை. நான்கு வருடமாக அதில் வீற்றிருப்பவர் கொட்டாஞ்சேனை கிளெமென்ற். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் வாய் திறந்தால் ஒருவர் பேனை எடுத்து எழுதிக்கொள்வது அந்தக் கதிரையில் இருக்கும்போது மட்டும்தான். அதற்காக அவர் எதையும் நினைவுகூரத் தயாராக இருந்தார்.

எண்பத்துநாலில் வாங்கிய மொறிஸ் மைனர்தான் அவருடைய முதல் கார். மன்றம் தொடங்கிய அன்று, "லீற்றர் பதின்மூண்டு ரூபா ஐம்பது சதம்" என்றார். பெற்றோல் கியூ வீதிகளைச் சுற்றி வளைத்த வருடத்தில் அது ஒன்பது ரூபாவாக இறங்கியது. போன மாதம் நாலு ரூபா பத்துச் சதத்தில் நின்றது. இப்படி வயது ஏற ஏறத் துலங்கும் ஞாபகசக்தி வைத்தியர்கள் ஆராய வேண்டியது.

ஆனால் போன மாதமே ஆபத்தும் வந்தது. நபீஸ் ஹாஜியார் எழும்பி, தன்னுடைய முதல் காருக்கு மூன்று ரூபா தொண்ணூறு என்றார்.

"எனக்கு மூண்டு எண்பத்தைஞ்சு," என்றார் கிளெமென்ற், கண் இமைக்காமல்.

"சும்மா சொல்லேலாது தலைவர். சாட்சி யாரும் இரிக்காங்களா?"

மன்றம் ஆழ்ந்து யோசித்து, அந்தக் காரோடு பயணம் செய்த ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது.

அப்படித்தான் இந்த மாதக் கூட்டத்துக்குக் கிளெமென்ற் தன் மனைவி செலீனை அழைத்துவந்தார். வரும் வழியெல்லாம் தங்கள் சின்ன மாருதிக்குள் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"மூண்டு ரூபா எண்பத்தைஞ்சு சதம். மறந்திடாதையும்."

"சரி," என்றார் செலீன், வெளியே பார்த்துக்கொண்டு.

செயலாளர் காளியப்பன் கிருலப்பனையிலிருந்து வருபவர். கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஹாஜியார் விசாரணையை ஆரம்பித்தார்.

"அக்கா, காரு என்ன கலர்?"

"பின்பக்கம் பச்சை."

"முன்பக்கம்?"

"முன்பக்கம் நான் வடிவாப் பாக்கேல்லை."

யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. "அந்த நேரம் பெற்றோல் என்ன விலைக்கு அடிச்சீங்க, தெரியுமா?"

"பெற்றோல் அடிச்சதை நான் காணேல்லை. வாங்கின கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மந்திரிக்கக் கொண்டுபோனது. நான்தான் தள்ளினனான். சாமியார் தீர்த்தம் தெளிக்க, காரில பாதி, என்ர தலையில பாதி. திரும்பி வரேக்கையும் நான்தான்."

"வாங்கின புதுசில ஒரு சின்னப் பிழை இருந்தது," என்றார் கிளெமென்ற்.

"அஞ்சு வருஷம் இருந்தது. இவர் ஸ்டியரிங்கில இருந்து தலையை வெளிய நீட்டி, 'செகண்ட் கியர் போட்டிட்டன், உசாராத் தள்ளும்' எண்டு கத்துவார். மகள் சுரேகா வயித்தில இருக்கேக்க கடைசி மாசம் மட்டும் லீவு தந்தவர்."

கிளெமென்றுக்கு அந்தக் காரின் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி ஞாபகம் வந்தது. அதில் ஒரு செபமாலை தொங்கியது. அந்தக் கண்ணாடியில் அவர் ஐந்து வருடமும் தன் தலைமயிரைத்தான் பார்த்திருந்தார். கொஞ்சம் சாய்த்திருந்தால் செலீன் தெரிந்திருப்பார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கதிரை போகப்போகிறதே என்ற பயம் வெட்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

காப்பாற்றியவர் காளியப்பன்தான். அவர் பேனையை உயர்த்தினார்.

"பெற்றோலே அடிக்கலன்னா செலவு சைபர்ங்க. சைபருக்குக் கீழ யாராச்சும் ஞாபகம் வச்சிருக்கீங்களா?"

ஒருவரும் வைத்திருக்கவில்லை. ஹாஜியாரும் பெருந்தன்மையோடு தோல்வியை ஒப்புக்கொண்டு, தயாராக வைத்திருந்த மாலையைக் கிளெமென்றின் கழுத்தில் போட்டார். காளியப்பன் அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதி, எழும்பி நின்று வாசித்தார்:

'வாகனம்: மொறிஸ் மைனர். எரிபொருள்: திருமதி செலீன் கிளெமென்ற். விலை: இல்லை. நாற்பது ஆண்டுகளில் விலைத் திருத்தம்: இல்லை. தலைவர் ஏகமனதாகத் தெரிவு.'

எல்லாரும் கைதட்டினார்கள். செலீன் கைதட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மாருதி, கடையை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் நின்றது. கிளெமென்ற் மாலையோடு ஏறிச் சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. மறுபடி திருகினார். மறுபடி 'டிக்'.

"பற்றரி இறங்கிட்டுது போல," என்றார். பிறகு, அதிகம் யோசிக்காமல், "செலீன், ஒருக்கா இறங்குமன்," என்றார்.

செலீன் இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தில் நிற்காமல் கடந்து வந்து, கிளெமென்றின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீங்க இறங்குங்கோ."

"உமக்குக் கார் ஓடத் தெரியாதே."

"செகண்ட் கியர் தெரியும். அஞ்சு வருஷம் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான்."

மேல்மாடி யன்னலில் மன்றம் முழுவதும் வந்து நின்று பார்த்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை. தலைவருக்கு உள்ள மரியாதை அப்படி. எழுபது வயதுத் தலைவர் கழுத்து மாலையோடு மாருதியின் பின்பக்கம் போய்க் கைவைத்தார். பின்பக்கம் சிவப்பு என்பதை அன்றுதான் ஊன்றிக் கவனித்தார். பத்தடி தள்ளுவதற்குள் மூச்சு வாங்கியது.

"எவ்வளவு தூரம், செலீன்?"

செலீன் தலையை வெளியே நீட்டினார்.

"உசாராத் தள்ளுங்கோ. நேற்று விலை கூடினது உங்களுக்குத் தெரியாதே?"

மன்றத்தின் அறிக்கைப் புத்தகத்தில் இந்த ஒரு விலைத் திருத்தம் மட்டும் இன்னும் பதியப்படவில்லை.