யப்பான் சோடியும் பிரேம் அண்ணையும்

லண்டன் நோர்பரியில் யப்பானைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே தமிழர் பிரேம் அண்ணைதான். யப்பானுக்கு அவர் போனதில்லை. குரோய்டனைத் தாண்டியே மூன்று முறைதான் போயிருக்கிறார். அதில் இரண்டு முறை ரயிலில் நித்திரையாகிப் போனதால்.

படங்களுக்குப் பிரேம் போடுவது தொழில்; பெயரும் அதுவே ஆகிவிட்டது. கடைக் கண்ணாடியில், முருகனுக்குப் பக்கத்தில், ஒரு பழைய யப்பானிய மர அச்சுப்படம் மாட்டியிருந்தார். பனியில், ஒரே குடைக்குள் ஒரு காதல் சோடி. முருகனை வாங்க வந்தவர்களும் அந்தச் சோடியின் கதையை முக்கால் மணி நேரம் கேட்ட பிறகுதான் முருகனோடு வெளியேறலாம்.

ஒருநாள் எங்கள் கோயில் தலைவர் வந்தார். அறுபத்துமூன்று நாயன்மார் படங்களுக்கும் பிரேம் போட அப்போதுதான் ஓடர் கொடுத்திருந்தார்.

"குடும்பமான ஆக்கள் வாற கடையில இதென்ன படம்?"

"கழுத்து வரைக்கும் உடுத்திருக்கினம், அண்ணை. எங்கட கலியாண வீடியோவை விடத் திறம்."

"கலியாணம் கட்டினவையோ?"

"கட்ட விடேல்லை. அவன் கடைச் சிப்பந்தி. அவளைப் பெத்தவையே கேளிக்கை விடுதிக்கு வித்துப்போட்டினம். அந்தக் காலத்து யப்பானில ஆர் என்ன துணி உடுத்தலாம் எண்டதுக்கும் சட்டம். இப்பிடிச் சோடியள் சேர்ந்து செத்தா, பிறகு ஊரே அவையின்ர படத்தை வாங்கிக் கொளுவும்."

தலைவர் உருகிப்போனார். "சீ, என்ன சனங்கள்! எங்கட ஆக்கள் அப்பிடியில்லை." கொஞ்சம் யோசித்தார். "அது சரி, அந்தப் பெடியன் என்ன சாதி?"

அடுத்த மாதம் அவருடைய மகளே கோலியர்ஸ் வுட் பக்கத்துப் பெடியன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று கைகாட்டினாள். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். பதில் பிடிக்காமல் கதவைச் சாத்தினார். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிகள் பிரேம் அண்ணையும் நானும். பதிவாளருக்கும் யப்பான் கதை சொல்லப்பட்டது. அடுத்த சோடி வெளியே மழையில் காத்து நின்றது.

தலைவருக்கு விஷயம் தெரிந்த அன்றே அறுபத்துமூன்று நாயன்மாரும் வேறு கடைக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த வருடத்தில் பிரேம் அண்ணைக்குக் கிடைத்த பெரிய வேலை அதுதான்.

"பயமில்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா இவ்வளவு நாளும் படத்தைக் காட்டிக் கதைச்சுப்போட்டு, அந்தப் பிள்ளை வந்து கேக்கேக்க ஏலாதெண்டு சொல்லுறதோ?"

ஆறு மாதம் கழித்து நான் போனபோது கடைக்குள் தலைவர் நின்றார். கையில், யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய, மகளின் கலியாணப் படத்தின் பிரதி.

"இதுக்குப் பிரேம் போட ஏலுமோ?"

"ஓம்."

"கலியாணத்தண்டைக்குப் பிள்ளை... சிரிச்சவளோ?"

பிரேம் அண்ணை வாயைத் திறந்தார். யப்பான் வரப்போகிறது என்று நடுங்கினேன்.

"ஓம் அண்ணை. வடிவாச் சிரிச்சவள்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார்.

நான் உள்ளே போகவில்லை. பிரேம் அண்ணையை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.