மின்னஞ்சலின் மெய்ப்பிரதி

"சொல்லுக்குக் கால் கிடையாது, அதைச் சுமக்கிறவன்..." என்று ஆரம்பித்தார் அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி நாகமுத்து, தம்முடைய பிரிவு உபசார விருந்தில். சுமக்கிறவன் என்ன ஆவான் என்பதையும் அவர் சொல்லத்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து மீ கோரேங் நூடுல்ஸ் தட்டு வந்துவிட்டது. வடிவேலுவுக்கு முதல் பாதிதான் நினைவிருக்கிறது. மீதியை விருந்துக்கு வந்த நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தார். நாலு பேருக்கும் மீ கோரேங்தான் ஞாபகம் இருந்தது.

வடிவேலு, சிம்பாங் அம்பாட்டில் செம்பனைச் சிறுதோட்டக்காரர் நல வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் டெஸ்பேட்ச். தோளில் பையை மாட்டிக்கொண்டு மஸ்ஜித் தானா கிளைக்கும், சுங்கை ஊடாங் கிளைக்கும், மலாக்கா தலைமையகத்துக்கும் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோவது அவர் உத்தியோகம். இருபத்தாறு வருஷத்தில் நாய் துரத்தியிருக்கிறது, லாரி உரசியிருக்கிறது, அலோர் காஜாவில் மழைத்தண்ணீர் முழங்கால்வரை வந்திருக்கிறது. ஒரு கடிதம் தவறியதில்லை.

1997 ஜூலையில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: 'அன்றாடப் பணியில் மின்னஞ்சலை மேலும் திறம்படப் பயன்படுத்துதல்'. காகிதம் இனி ஒழிந்தது என்று அதில் எழுதியிருந்தது. பதினோரு பிரதிகள். பதினொன்றையும் கொட்டுகிற மழையில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் வடிவேலுதான். ஏழாவது பத்தியில், மூன்று மாதம் கழித்து டெஸ்பேட்ச் பதவி தேவையா இல்லையா என்று 'மறுபரிசீலனை' செய்யப்படும் என்றிருந்தது. வடிவேலுவுக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. மோட்டார் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

மறுநாள் காலை, தேநீர் கலக்கிக்கொண்டே மனைவி ராமாத்தாள் கேட்டாள்.

"ஏங்க, அது என்ன மெயிலு?"

"ஈ-மெயிலு."

"ஈயா? இத்தன வருஷம் நீங்க மோட்டாருல தூக்கிட்டுப் போனத இனிமே ஈ தூக்கிட்டுப் போவப் போவுதா?"

"சிரிக்காத ராமாத்தா. தூக்கிருச்சின்னா நான் வீட்டுல குந்திக்க வேண்டியதுதான்."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

வட்டார அதிகாரி புவனேந்திரன் அப்போதுதான் போர்ட் டிக்சனில் கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள் மின்னஞ்சல் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது ஒரு சான்றிதழ், ஒரு தோள்பை, வாயில் 'எஃபெக்டிவ்' என்ற சொல் ஆகிய மூன்றோடு வந்தார். தேநீரில் சீனி குறைந்தால்கூட "இது எஃபெக்டிவா இல்ல" என்றார்.

முதல் மின்னஞ்சல் அனுப்பும் வைபவம் திங்கட்கிழமை பத்து மணிக்கு. கம்ப்யூட்டருக்குப் புனிதா பொட்டு வைத்திருந்தாள். புனிதா அந்த அலுவலகத்தின் ஒரே டைப்பிஸ்ட், ஆகவே ஒரே கம்ப்யூட்டர் நிபுணர். மோடம் என்ற பெட்டி கீச்சென்று கத்தி, கரகரத்து, ஓய்ந்தது.

"போயிருச்சு சார்," என்றாள் புனிதா.

"மஸ்ஜித் தானாவுக்குக் கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருக்கும் சார்."

"கிடைச்சிருக்குமா, கிடைச்சிருச்சா? போன் போட்டுக் கேளு."

இங்கேதான் விஞ்ஞானம் குறுக்கே நின்றது. மஸ்ஜித் தானா கிளைக்கு இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. அங்கே கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருந்தால் மனிதர் பேச முடியாது. மின்னஞ்சலை எடுப்பதற்காக அவர்கள் இணைப்பிலேயே இருந்ததால், மின்னஞ்சல் வந்ததா என்று அவர்களைக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

புவனேந்திரன் ஐந்து நிமிஷம் யோசித்தார்.

"வடிவேலு, மோட்டார எடு. மெயில் வந்திருச்சான்னு கேட்டுட்டு வா."

நாற்பது நிமிஷத்தில் வடிவேலு மஸ்ஜித் தானாவில் இருந்தார். கிளைக் கிராணி வீரப்பன் கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரையில், 'இது ஒரு பரிசோதனை மின்னஞ்சல். ஆவன செய்யவும்' என்று இருந்தது.

"வந்திருச்சு வடிவேலு, பாரு! என்னா ஸ்பீடு லா!"

வடிவேலுவுக்குச் சுற்றறிக்கையின் ஏழாவது பத்தி ஞாபகம் வந்தது. ஆனாலும் இருபத்தாறு வருஷம் அலுவலக வாசல்களில் நின்றவர் அவர். திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரிண்ணே. சாப் எங்க?"

"என்ன சாப்?"

"ஆபீஸ் சாப்புதான். முத்திர இல்லாத கடுதாசியில நீங்க ஆவன செஞ்சிருவீங்களா? நாளைக்கு ஆடிட் வந்து, யாரு சொல்லிச் செஞ்சேன்னு கேட்டா இந்தப் பொட்டியத் தூக்கிக் காட்டுவீங்களா?"

வீரப்பனின் முகம் வெளுத்தது. அவர் உத்தியோக வாழ்க்கையில் சாப் இல்லாத காகிதத்தைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் மளிகைச் சீட்டுக்குக்கூட அவர் மனைவி கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பாள் என்று ஒரு பேச்சு உண்டு. உடனே மேசை இழுப்பறையைத் திறந்து, 'பெறப்பட்டது' என்ற ரப்பர் சாப்பை எடுத்து, ஊதா மையில் தோய்த்து, தேதியைச் சரிபார்த்து, திரையின் வலது மேல் மூலையில் அழுத்தி ஒரு குத்துக் குத்தினார்.

அழகாக விழுந்தது. அன்று முழுவதும் எந்த மின்னஞ்சலைத் திறந்தாலும் அதில் 'பெறப்பட்டது' என்றிருந்தது. எதையும் திறக்காதபோதும் பெறப்பட்டிருந்தது.

செய்தி சிம்பாங் அம்பாட்டுக்குத் திரும்பியது, வடிவேலு வழியாகத்தான். புவனேந்திரன் தோற்கிற மனிதர் அல்ல. மறுநாளே ஒரு நடைமுறை வகுத்தார். மின்னஞ்சல் அனுப்பப்படும். அனுப்பிய மின்னஞ்சல் அச்செடுக்கப்படும். அதில் கையெழுத்தும் சாப்பும் இடப்படும். 'மின்னஞ்சலின் மெய்ப்பிரதி' என்ற பெயரில் அது நேரில் சேர்ப்பிக்கப்படும். பெற்றுக்கொண்டவர் பெற்றுக்கொண்டதை மின்னஞ்சலில் தெரிவிப்பார். அதற்கும் ஒரு மெய்ப்பிரதி உண்டு.

"இப்பத்தான் எஃபெக்டிவ்!" என்றார்.

வடிவேலு அன்று மாலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு சீட்டியடித்தபடி வீடு போனார். சாப் என்ற ஒரு சொல்லால் ஈயை அடித்துவிட்டோம் என்று நினைத்தார்.

ஆகஸ்டில் புவனேந்திரன் 'அனைவருக்கும் அனுப்பு' என்ற பொத்தானைக் கண்டுபிடித்தார். கழிவறை விளக்கை அணைக்கவும் என்று மூன்று அலுவலகங்களில் பதினேழு பேருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. பதினேழு பேரும் 'நன்றியுடன் குறித்துக்கொள்ளப்பட்டது' என்று அனைவருக்கும் பதில் போட்டார்கள். குறித்துக்கொண்டதைக் குறித்துக்கொண்டதாகச் சிலர் மறுபதில் போட்டார்கள். அனைத்துக்கும் மெய்ப்பிரதி எடுக்கப்பட்டது. முன்பு ஒரு பையோடு காலையில் ஒருமுறை போன வடிவேலு இப்போது இரண்டு பைகளோடு மூன்றுமுறை போனார். காகிதம் ஒழிந்ததிலிருந்து காகிதம் வாங்கி வைக்க இடமில்லாமல் கழிவறையில் அடுக்கினார்கள். அதனால் விளக்கு எப்போதும் எரிந்தது.

அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்ட ராமாத்தாள், "ஈ என்னாங்க இம்மாங் கனம் கனக்குது?" என்றாள்.

புனிதா வேறு மாதிரி சொன்னாள். "அண்ணே, இந்தப் பொட்டி சும்மா கத்தறதுக்குத்தான். நெசமான மோடம் நீங்கதான்."

மூன்று மாதம் முடிந்தது. புவனேந்திரன் வடிவேலுவை அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே வடிவேலுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வடிவேலு, ரிப்போர்ட் பிரமாதம். நானூத்திப் பன்னெண்டு மெயில். ஒண்ணுகூட தவறல. சராசரி நாப்பது நிமிஷத்துல போய்ச் சேந்திருக்கு. மலாக்கா மாநிலத்துலயே நாமதான் எஃபெக்டிவ்."

"சந்தோஷம் சார்."

"மெயில் இவ்ளோ நல்லா வேல செய்யறப்போ டெஸ்பேட்ச் எதுக்குன்னு மேல கேப்பாங்க இல்லையா? அதனால, பதவிய எடுத்துடலாம்னு சிபாரிசு எழுதியிருக்கேன்."

"சார், அந்த நானூத்திப் பன்னெண்டையும் நான்தானே சார் கொண்டுபோனேன்?"

புவனேந்திரன் பரிதாபமாகப் பார்த்தார். பயிற்சிக்குப் போகாதவர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"கொண்டுபோனது நீ. போனது மின்னஞ்சல். ரெண்டும் வேற வேற, வடிவேலு."

"நான் கொண்டுபோவலன்னா?"

"அதுக்குத்தான் சிஸ்டம் இருக்கே!"

சாப் என்று வாய் திறந்தது தான்தான் என்பது வடிவேலுவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிப் பயனில்லை. சொன்னால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

புவனேந்திரன் மணியைப் பார்த்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பிற்பகல் அவர் மீண்டும் போர்ட் டிக்சன் போகவேண்டும். 'மின்னஞ்சல் நிபுணர்களுக்கான மேல்நிலைப் பயிற்சி'. சிபாரிசை உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் சாப் குத்தினார்.

"இது நாலு மணிக்குள்ள மலாக்காவுல இருக்கணும். தவறிட்டா, இருக்கிற பதவியெல்லாம் அப்படியே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீடிச்சிரும். ரூல். புரியுதா? உன்ன நம்பித்தான் குடுக்கிறேன். இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு தவறவிட்டதில்ல நீ." முதுகில் தட்டிக்கொடுத்தார். "புனிதா, இத மெயில்லயும் அனுப்பிரும்மா. ரூல் ரூல்தான்."

கார் கிளம்பிப் போனது.

வடிவேலு உறையைப் பையில் வைத்தார். தொப்பியை எடுத்தார். வாசல்வரை போனார். மணி ஒன்றேமுக்கால். மெதுவாக ஓட்டினாலும் மூன்று மணிக்குள் தலைமையகத்தில் இருக்கலாம். திரும்பி வந்தார்.

"புனிதாம்மா, தலைமையகத்துல ஈ-மெயில யாரு தொறக்கிறா?"

புனிதா தட்டச்சை நிறுத்தினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"யாரும் இல்லண்ணே. சுற்றறிக்கை எழுதுனாரே, அவருகிட்டதான் பாஸ்வேர்ட் இருந்துச்சு. அவரு ஆகஸ்ட்லயே குவாந்தானுக்கு மாறிப் போயிட்டாரு. நாம அனுப்புனது அம்புட்டும் அங்க அப்படியே கிடக்குது. அவங்க படிக்கிறது உங்க பையத்தான்."

"அப்ப இந்த நானூத்திப் பன்னெண்டு?"

"அதுல அங்க போனதெல்லாம் போயிருக்கு அண்ணே. சேரல. அதான் வித்தியாசம்."

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சந்தியில் திரும்பிப் போனது. வடிவேலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, நேரமாவுதே?"

உறையை எடுத்து அவள் மேசைமேல் வைத்து, அதை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிடச் சொன்னார்.