அனுசரித்துப் போன கர்னல்

"என் செயலியை எதுக்குக் கொன்னீங்க?" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள் மனைவி.

"நான் எங்கே கொன்னேன்? கர்னல்தான் நிறுத்துச்சு."

"அந்தக் கர்னலை எழுதறது யாரு?"

கணினிக்குள் எல்லாச் செயலிகளையும் கட்டி மேய்க்கும் கர்னலை எழுதுவதுதான் கணவனின் பிழைப்பு. அவள் எழுதியது தையல் கடைக்கான செயலி. யாருடைய அளவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பாயிண்டர் அதில் எப்படியோ கெட்டுப்போய், இல்லாத முகவரியைக் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் கர்னல் செயலியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

"பிழையைத் தேடிப் பிடிக்க நாளாகும். ஒரு வாரமா ஓட்டிப் பார்த்த தையல்காரம்மா, வாங்கறதா வேண்டாமான்னு சொல்ல இப்ப வந்துடுவாங்க. என் முதல் வாடிக்கையாளருங்க! உங்க கர்னல் இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா?"

மனைவி கண் கலங்கினால் எந்தக் கொள்கைதான் நிற்கும்? முகவரி தப்பென்றால் கொல்லாதே, பூஜ்யத்தைக் கொடுத்து அனுப்பிவிடு என்று கர்னலை மாற்றினான். செயலி விழவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதரின் மார்பளவு பூஜ்யம் என்றது.

"இதுக்குச் சட்டை எதுக்கு? பட்டன் மட்டும் தைச்சா போதுமே!"

"சரி, பக்கத்து முகவரியில இருக்கறதை எடுத்துக் குடுக்கச் சொல்றேன்."

கொடுத்தது. கைக்குழந்தையின் கவுனுக்குத் தொப்பைக்காரர் ஒருவரின் இடுப்பு வந்து சேர்ந்தது. தொப்பைக்காரரின் கழுத்தளவில் யாருடைய தொலைபேசி எண்ணோ உட்கார்ந்திருந்தது.

"பார்த்தியா? பொய் சொல்லிக்கிட்டு ஓடறதுக்கு, நேர்மையா விழுந்துடறதே மேல்."

அவளுக்கும் புரிந்தது. "பழையபடியே மாத்திடுங்க. ஊரார் துணியைப் பாழாக்க வேண்டாம். வாங்கலைன்னா போகட்டும்" என்றவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் மாற்றி முடிக்கவும் அழைப்புமணி அடிக்கவும் சரியாக இருந்தது. தையல்காரம்மா வந்து உட்கார்ந்தார். "எங்கே, ஓட்டிக் காட்டும்மா."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். செயலி பொத்தென்று விழுந்தது. கணவன் மும்முரமாக மின்விசிறியை ஆராயத் தொடங்கினான்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. உள்ளதைச் சொல்லிடறேன், இது இப்படித்தான் அடிக்கடி விழும்."

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது.

"சரிபண்ணித் தொலைச்சிடாதே கண்ணு, இதுக்காகத்தானே வாங்கறேன்! துணி கேட்டு வந்தவங்ககிட்ட 'கம்ப்யூட்டர் விழுந்துடுச்சு, நாளைக்கு வாங்க'ன்னு சொன்னதுல, இந்த வாரம் ஒருத்தர்கூட என்கிட்ட சண்டைக்கு வரலையே!"