செத்த கம்ப்யூட்டரை எழுப்புகிறவர்

செத்த கம்ப்யூட்டரை எழுப்புகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. பார்த்தால் சாதாரண மனிதர்கள்தான். சட்டை போட்டிருப்பார்கள், வேலைக்குப் போவார்கள், பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 'வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கு, தூக்கிப் போடணும்' என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். கொட்டாவி பாதியில் நின்றுவிடும். "ராம் எவ்வளவு?" என்று ஒரு குரல் வரும். ஆள் அகப்பட்டார்.

நாம் பார்க்கப் போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முகம் கழுவுகிறாரோ இல்லையோ, நேரே கூடத்து மூலைக்குத்தான் போவார். அங்கே ஒரு மேஜை. மேஜைக்கடியில் வயிறு திறந்த ஒரு கம்ப்யூட்டர், மேஜைமேல் அதன் திரை. தையல்கடைக்காரர் குப்பைக்கு அனுப்பியதை நடுவழியில் மறித்து, ஆட்டோ வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. டிஸ்க் இல்லை என்று தெரிந்தால் புத்தியுள்ளவன் வருத்தப்படுவான். நம்மவருக்கு வாயெல்லாம் பல்.

காரணம் இருக்கிறது. இந்த மாதிரி கம்ப்யூட்டரைப் போட்டதும், அது வயர் வழியாகக் குரல் கொடுக்கும்: யாரப்பா அங்கே, எனக்கு ஒரு விலாசம் கொடுங்கள், அப்படியே ஓடுவதற்கு ஒரு சிஸ்டமும் கொடுங்கள். வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, ஒரு விலாசமும், நாலு போட்டோ அளவே இருக்கிற ஒரு சின்ன சிஸ்டமும் அனுப்பிவைத்தால் போதும், செத்தது எழுந்து உட்காரும். கொடுக்கிற அந்த வள்ளல், திரை பாதி உடைந்துபோன ஒரு பழைய லேப்டாப். இடமில்லாததால் செருப்பு அலமாரிமேல் குடியிருக்கிறது.

"எழுந்து என்ன செய்யும்?" என்று அவர் மனைவி கேட்டார். மனைவி நர்ஸ், எழுப்பினவர்களை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிப் பழக்கப்பட்டவர்.

"எழும்."

"எழுந்து?"

"மணி காட்டும்."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், துணி மடிக்கப் போய்விட்டார்.

ஆனால் அந்த மணியைக்கூட அது காட்டவில்லை என்பதுதான் சோகம். கறுப்புத் திரையில் ஒரு புள்ளி வரும், இன்னொரு புள்ளி வரும், அப்புறம் புள்ளியாகவே வந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "பாருங்க, இப்ப வரும் பாருங்க" என்பார். மச்சான் ஒருவர் காபி ஆறும்வரை புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் போனில் மட்டும்தான் நலம் விசாரிக்கிறார். சாப்பாட்டு நேரத்திலும் இதே பேச்சு. மகள் ஒருத்தி மட்டும் "உம்" கொட்டிக்கொண்டே சாப்பிடுவாள். அது அப்பாவின்மேல் உள்ள பாசம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இப்படி இருக்கையில் அந்த மகளுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. படிப்பு முடித்து விண்ணப்பம் விண்ணப்பமாகப் போட்டு, முதல் தடவையாக ஒரு சரக்குக் கப்பல் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே வீடியோவில் பேச வேண்டும். பதினோரு மணிக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் நீங்க அந்த மூலைக்குப் போகக்கூடாது" என்றார் மனைவி.

"போகமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. அவ என் பொண்ணும்தானே?"

இந்த இனத்தாரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சத்தியம் செய்யும்போது மனசாரத்தான் செய்வார்கள். நம்மவரும் கடைக்கு லீவு விட்டு, மகள் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, காவலுக்கு உட்கார்ந்தார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்தார். அப்போதுதான் பொறி தட்டியது. அந்தப் பாழாய்ப்போன புள்ளி ஏன் வருகிறது? வீட்டுக்கு நெட் கொடுக்கிற ரவுட்டர் முந்திக்கொண்டு விலாசம் கொடுத்துவிடுகிறது. சிஸ்டம் கொடுக்க அதற்குத் தெரியாது. அப்படியென்றால்? விலாசத்தையும் செருப்பு அலமாரியே முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால்?

ஒரு வரி. அலமாரி லேப்டாப்பில் ஒரே ஒரு வரி மாற்றினால் போதும்.

அவர் போராடவில்லை என்று சொன்னால் அது அநியாயம். மகளின் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மனைவி சமையலறையில் இருப்பதைப் பார்த்தார். செருப்பு அலமாரி வாசல் பக்கம் இருக்கிறது, மூலை அந்தப் பக்கம் இருக்கிறது, சத்தியம் மூலைக்குத்தானே? உடையாத பாதித் திரையில் எழுத்தை நகர்த்தி நகர்த்தி வரியை மாற்றினார். மூலைக்குப் போகாமல், எட்ட நின்று காலை மட்டும் நீட்டிக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது. ஒரு புள்ளி. பிறகு எழுத்து, எழுத்துக்குமேல் எழுத்து, வரிவரியாக, திரை கொள்ளாமல் எழுத்து. கடைசியில் நீல நிறத்தில் ஒரு பலகை வந்து மணி காட்டியது.

கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? சத்தியம் வாயை அடைத்திருக்கிறது. பொங்கி வந்த அன்பை எல்லாம் சேர்த்து மகளுக்குத் தன் வாழ்நாள் உபதேசத்தைச் சொன்னார். "கண்ணு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உன் லேப்டாப்ப ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடும்மா."

அவளும் பண்ணினாள். அதுதான் வினை.

"அப்பா, நெட் இல்ல."

"லைன்ல ஏதாவது கோளாறா இருக்கும். நெட் கம்பெனிக்காரன் அப்படித்தான்" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது. மகளின் லேப்டாப்பும் வயரில் விலாசம் கேட்டிருக்கிறது. ரவுட்டருக்கு முன்னால் செருப்பு அலமாரி கொடுத்திருக்கிறது. செருப்பு அலமாரி கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு எங்கே போக முடியும்? அலமாரி வரைக்கும் போகலாம்.

ஓடினார். மாற்றிய வரியைத் திரும்ப மாற்ற வேண்டும்; அவசரத்தில் எதையோ அழுத்த, அந்த வரி உடைந்த பாதிக்குள் போய் ஒளிந்துகொண்டது. மணி பதினொன்று ஆகியிருந்தது, அதையும் மூலையிலிருந்த நீலப் பலகைதான் துல்லியமாகக் காட்டியது. மகளின் முதல் வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மனைவி வந்தார். சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பதைத்தான் கேட்டார். "காலைல இருந்து புதுசா என்ன குடுத்தீங்க?"

அவர் செருப்பு அலமாரியைக் காட்டினார். அந்த அம்மாள் அலமாரிமேல் இருந்த லேப்டாப்பிலிருந்து வயரைப் பிடுங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான் வைத்தியம்.

ஆனால் மகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. போனை எடுத்து, அதில் வைஃபையை நிறுத்திவிட்டு, அதன் சொந்த இணைப்பிலேயே ஜன்னலோரம் நின்று உள்ளே போய்விட்டாள். தாமதமாகத்தான். இவர்கள் இருவரும் கதவில் காதை வைத்தார்கள்.

"ஏன்மா லேட்டு?" நேர்முகம் நடத்துகிறவரின் குரல். கறார்க் குரல்.

"சாரி சார். வீட்ல ரெண்டு பேர் விலாசம் குடுத்துட்டாங்க. ரவுட்டர் ஒண்ணு, எங்கப்பா ஒண்ணு."

நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"டிஸ்க் இல்லாத மெஷினா?"

"ஆமா சார். வயர் வழியாத்தான் எழுப்பறார்."

"ராம் எவ்வளவு?"

சொன்னாள். எந்த சிஸ்டம் என்று கேட்டார்; சொன்னாள். எத்தனை நாளாகப் புள்ளி வந்தது என்று கேட்டார், அதையும் சொன்னாள். குரலில் கறார் போன இடம் தெரியவில்லை.

"ரவுட்டர்ல விலாசம் குடுக்கிறத நிறுத்தலையா அவர்?"

"இல்ல சார்."

"ரெண்டு மெஷினுக்கும் நடுவுல தனி வயராவது போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம் சார். எனக்குப் போன மாசமே தெரியும். சொன்னா அவர் மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

"சார், நம்ம கேள்விக்கு வரலாமா?" என்று இன்னொரு குரல் கெஞ்சியது.

கதவுக்கு வெளியே நம்மவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னதாகத்தான் சொல்கிறார்கள். சந்தேகப்பட நமக்கு உரிமையில்லை. முதல் வாரம் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தபோது ஆட்டோவிலிருந்து மெதுவாக இறங்கினாள். வழியெல்லாம் மடியில் வைத்துவந்த ஒரு பெட்டி கையில் இருந்தது. "ஆபீஸ்ல தூக்கிப் போடறாங்கப்பா. நம்ம சார்தான் எடுத்துக் குடுத்தார்." அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அது என்ன கேள்வி என்று உங்களுக்கே தெரியும். அம்மா கதவைத் திறந்துவிட்டு, "ஒண்ணு இருந்துச்சு, இப்ப ரெண்டா?" என்று சொல்லிவிட்டு நைட் டியூட்டிக்குப் போனார். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே.

போகட்டும். உங்களிடம் ஒரு கேள்வி. அவர் அந்த ஒரு வரியை மாற்றியபோது, உங்களுக்குள் யாராவது 'அடடா, முதலில் ரவுட்டரில் நிறுத்தியிருக்கலாமே, தனி வயர் போட்டிருக்கலாமே' என்று முணுமுணுத்தார்களா? இல்லையென்றால் உங்கள் வீட்டார் கொடுத்துவைத்தவர்கள். முணுமுணுத்திருந்தால், அவர்களிடம் இப்போதே ஒரு மன்னிப்புக் கேட்டு வையுங்கள். நானும் போனில் உருக்கமாக எழுதி என் மனைவிக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் போய்ச் சேரவில்லை. வீட்டில் காலையிலிருந்து நெட் இல்லை.