எட்டாவது அணி

நியாயமாக நடந்துகொள்வேன் என்று யாராவது முன்கூட்டியே அறிவித்தால் நான் மெல்ல அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். காரணம், ஒருமுறை நானே அப்படி அறிவித்திருக்கிறேன். அதுவும் மைக்கில்.

எங்கள் ஊருக்குத் திருவிடைமருதூரிலிருந்து கொஞ்சம் உள்ளே போகவேண்டும். தாளடி நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் எங்கள் பக்கத்தில் கபடி ஆரம்பித்துவிடும். மாசியிலிருந்து வாரத்துக்கு ஓர் ஊர் என்று போட்டி நடத்திக்கொண்டே வருவார்கள். வைகாசியில் ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் கடைசிப் போட்டி எங்கள் ஊரில். கடைசி என்பதால் அதற்கு ஒரு மவுசு. எங்கள் ஊர் அணியையும் சேர்த்து எட்டு அணிகள் மட்டும்தான். எங்கள் ஊரில் எட்டுத் தெரு, தெருவுக்கு ஓர் அணி. வந்த அணிக்கு மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு போடுவது அந்தந்தத் தெருவின் பொறுப்பு.

இந்த எட்டு அணிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வருஷா வருஷம் ரகளை. நம்மை அழைத்தவர்களை நாம் அழைக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் என்பது இன்னொரு கணக்கு. ஓர் இடம் எப்போதும் அன்பழகன் சித்தப்பாவின் மச்சான் ஊருக்குப் போய்விடும். அந்த அணி ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. (சித்தப்பாதான் இளைஞர் மன்றத் தலைவர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.)

நான் அந்த வருஷம் தஞ்சாவூரில் எம்.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தேன். உலகத்தில் உள்ள அத்தனை அநியாயத்துக்கும் காரணம் யாரும் எக்செல் ஷீட் போடாததுதான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்த வயசு. மன்றக் கூட்டத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது நான் எழுந்து நின்று, “ஃபார்முலா போட்டுடலாம் சித்தப்பா” என்றேன்.

“என்ன லா?” என்றார் சித்தப்பா.

விளக்கினேன். ஜெயித்த ஆட்டத்துக்கு இவ்வளவு, எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதற்கு இவ்வளவு, எதிரணி எவ்வளவு பலமானது என்பதற்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் முதல் எட்டு அணி தானாக வந்துவிடும். மச்சானும் இல்லை, மாமனும் இல்லை.

“நம்ம ஊர் டீமுக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“நமக்கும் அதே அளவுகோல்தான். இல்லன்னா அதுக்குப் பேரு நியாயமா?” என்றேன். மைக்கை வாங்கி இன்னொரு முறையும் சொன்னேன். சாமியே வந்து கேட்டாலும் மாற்றமாட்டேன் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். (இப்போது நினைத்தால் காது சுடுகிறது.)

எங்கள் ஊர் அணிக்குக் கேப்டன் என் அண்ணன் செந்தில். அவனுக்குச் சிங்கப்பூர் வேலை வந்துவிட்டது. போட்டி முடிந்த பத்தாம் நாள் விமானம். சொந்த மண்ணில் அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம் என்று ஊருக்கே தெரியும். அவன் அந்த ஒரு நாளுக்காகத்தான் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தான். “போடு மாலு, நாங்க எப்படியும் வந்துருவோம்” என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியதும் அவன்தான்.

மூன்று நாள் உட்கார்ந்து, எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் ஸ்கோரை எடுத்து ஏற்றினேன். கடைசியில் பட்டனைத் தட்டினேன். எங்கள் ஊர் ஒன்பதாவது. குத்தாலம் பக்கத்து அணி ஒன்று மயிரிழையில் எட்டாவது.

மறுபடி தட்டினேன். லேப்டாப்பை அணைத்துவிட்டுப் போட்டேன். ஒன்பதுதான்.

அண்ணனிடம் திரையைக் காட்டினேன். “சரி. ஊர்ல சொன்ன சொல்லு. மாத்தாத” என்று சொல்லிவிட்டுக் களத்துக்கு மண் அடிக்கப் போய்விட்டான். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், எந்த அணிக்கு எந்தத் தெரு சோறு போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அந்தக் குத்தாலம் பக்கத்து அணி எங்கள் தெருவுக்கு வந்தது. அதோடு அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“எம் புள்ள எடத்துல வெளயாட வர்றவனுங்களுக்கு நானே சோறு வடிச்சிக் கொட்டணுமா? ஏன்டி, இதுக்கும் ஒன் கம்ப்யூட்டர்ல ஏதாவது போட்டு வச்சிருக்கியா?”

போட்டி நாள் வந்தது. மத்தியானப் பந்தியில் குத்தாலத்துப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தங்கமான பையன்கள். அண்ணன் மோர் ஊற்றினான், நான் சாம்பார் வாளியோடு போனேன். அவர்கள் கேப்டன் பிரகாஷ் என்னைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்தான்.

“அக்கா, நீங்கதான் செலக்‌ஷன் போட்டீங்களாமே? எங்களையும் எடுத்தீங்க பாருங்க, நம்பவே முடியலக்கா. இந்த சீசன்ல நாங்க சரியாவே ஆடல.”

“என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? முப்பதுக்கு ஜீரோன்னு ரெண்டு மேட்ச் அடிச்சிருக்கீங்களே!”

“ஐயோ அக்கா, அது எதிர் டீம் வரவே இல்ல. வாக்ஓவரு. வராத டீமுக்கு முப்பது–ஜீரோன்னு எழுதிப் போட்டுருவாங்கல்ல?”

அப்படி எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கமாம். கபடி பார்க்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியுமாம். புள்ளியியல் படித்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. நான் பிரகாஷின் பாயசத்தில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே ஓடினேன்.

அந்த இரண்டு ஆட்டத்தையும் அழித்துவிட்டுக் கணக்கைப் போட்டேன். எங்கள் ஊர் எட்டாவது.

கொல்லையில் மோர்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நின்றேன். அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். “வாண்ணா, சித்தப்பாக்கிட்ட சொல்லுவோம். நீதான் ஆடணும்.”

அண்ணன் பானையைக் கவிழ்த்து வைத்தான். “எல போட்டு ஒக்கார வச்சிட்டு எந்திரின்னு சொல்லச் சொல்றியா? நம்ம வீட்டுல சாப்ட்டுருக்கானுவ. வுடு மாலு.”

“உன் கடைசி ஆட்டம்ண்ணா.”

“தெரியும்” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலு மணிக்குப் போட்டி ஆரம்பித்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சொந்த அணி இல்லாததால் ஊர் சனம் யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தது. அப்புறம் ஒவ்வொரு தெருவும் தான் சோறு போட்ட அணிக்குக் கத்த ஆரம்பித்தது. முதல் ஆட்டம் பிரகாஷ் அணிக்கும் கீழத்தெரு சோறு போட்ட அணிக்கும். பத்தாவது நிமிஷம் எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வாய்ச் சண்டை முற்றிவிட்டது. “ஒங்க தெருச் சோத்துக்கு இந்தத் தெம்புதான் வரும்” என்று கீழத்தெருக்காரி ஒருத்தி சொல்ல, என் அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கோட்டுக்கே வந்துவிட்டாள்.

“டேய் பிரகாசு! காலப் புடிடா! கால! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற, எங்க மானம் போவுது!”

பிரகாஷ் காலைப் பிடிக்கவில்லை. நாற்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று தோற்றார்கள். தெருச் சண்டையை நிறுத்தப் பெரியவர்கள் நாலு பேர் நடுவில் புக வேண்டியதாயிற்று.

களேபரத்தை அடக்குவதற்காகச் சித்தப்பா மைக்கைப் பிடித்தார். பல வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. “அடுத்ததாகக் களமிறங்குவது, செந்தில் தலைமையில் நமது ஊர்…”

அதோடு நிறுத்திக்கொண்டார். கூட்டம் முழுக்க அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணன் சுண்ணாம்பு வாளியோடு களத்தின் ஓரத்தில் அழிந்த கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. கோடு மட்டும் கோணலாகப் போனது.

என்னால் பொறுக்க முடியவில்லை. போய் மைக்கை வாங்கினேன். அது ஊளையிட்டது. “கணக்கு தப்பு. வாக்ஓவர வெற்றின்னு ஏத்திட்டேன். நம்ம டீம்தான் எட்டாவது. தப்பு என்னோடது. வந்தவங்க மேல ஒண்ணும் இல்ல. எல்லாரும் மன்னிச்சுக்குங்க” என்றேன்.

ஊரே என்னைப் பார்த்தது. கீழத்தெருப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “விடும்மா, ஒன் படிப்புக்கும் ஒரு வாக்ஓவர் எழுதிக்குவோம்!”

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. பத்தாம் நாள் அண்ணன் சிங்கப்பூர் போய்விட்டான்.

அடுத்த வருஷம் விதியை மாற்றினார்கள். ஏழு அணி ஃபார்முலாவில், எட்டாவது எப்போதும் ஊர் அணி. (வாக்ஓவருக்குப் பூஜ்யம். ஷீட் இன்னமும் நான்தான் போடுகிறேன். வேறு யாருக்கும் அந்தத் தலைவலி வேண்டாமாம்.) எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, நிச்சயத் தாம்பூலம் மாற்றும் நேரத்தில் சித்தப்பா சபை முன்னால் கேட்டார்: “வேற யாராச்சும் பாக்க வந்தாங்களா, இல்ல மாப்ள வாக்ஓவரா?” என் கணவருக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் பெயர். என் மாமியாருக்குக்கூட விஷயம் தெரியும்.

எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் இந்தக் கதையை வாயே திறக்காத ஒரே ஆள் அண்ணன். லீவில் வந்தபோதெல்லாம், யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். பதினோரு வருஷம். மற்றவர்கள் கேலி எனக்கு ஒன்றுமே இல்லை, இவன் எழுந்து போவதுதான் உறுத்தியது.

இந்த வைகாசிக்கு லீவு போட்டு வந்தான். வந்தவன் யாரிடமும் கேட்காமல் ஊர் அணி பனியனை எடுத்து மாட்டிக்கொண்டான். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஊர் விசிலடித்தது. முதல் ரெய்டுக்கு அவனே கபடி பாடிக்கொண்டு போனான். நான்கு அடி போயிருப்பான். மூன்று பையன்கள் மேலே விழுந்தார்கள். பையன்கள் எழுந்துவிட்டார்கள், அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பதறிக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். மல்லாக்கப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்:

“மாலு, அந்த வருஷம் எங்கள ஒம்பதாவதுன்னு சொன்ன பாரு… அதுவே ரொம்ப ஜாஸ்திடி!”