புத்திமதியை விட முடியாதவர்

மனிதர்களில் புத்திமதிப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். "லேசா தலை வலிக்குது" என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பக்கம் வலி என்று சொல்லி முடிப்பதற்குள் வந்து நிற்பார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்கக் கூடாது" என்றுதான் தொடங்குவார். தப்பாக நினைக்க நமக்கு நேரம் கொடுத்தால்தானே? பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போதே விளக்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையால் காட்டுவார். முடிவெட்டுபவருக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுத் தருவார். மூன்று பிள்ளை பெற்ற மைத்துனிக்கு, ஒரு பிள்ளையையும் ஒரு நாள்கூடத் தூக்கிச் சுமக்காத கையை ஆட்டி ஆட்டிக் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்துவார். யாராவது கேட்டார்களா? கேட்டால்தான் சொல்வது என்று இருந்தால் அவர் எப்போதோ ஊமையாகியிருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த இனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். வீட்டில் அவருக்குப் புத்திமதியார் என்றே பெயர். ஐம்பத்திரண்டாவது வயதில் காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகர் பயிற்சிக்குச் சேர்ந்தார். இத்தனை நாள் சும்மா சொன்னதை இனிச் சான்றிதழோடு சொல்லலாம் என்ற நினைப்பு. மனைவி ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. பகலெல்லாம் அங்கே சொல்லித் தீர்த்துவிட்டு வந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் நிம்மதி என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டிருந்தார்.

வகுப்பில் அவரைப் போல் நோட்டு எழுத ஆள் கிடையாது. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நான்கும்தான் குடியை விட்டவரைத் திரும்ப இழுத்துப்போடும் என்று எழுதி அடிக்கோடிட்டார். குடிப்பழக்கம் மன உறுதிக் குறைவு அல்ல, அது ஒரு நோய் என்று எழுதி இரண்டு கோடு போட்டார். போட்ட கையோடு, மதியம் எதிரே வந்து உட்கார்ந்த முதல் ஆளிடம், "எல்லாத்துக்கும் மன உறுதிதாங்க வேணும்" என்று ஆரம்பித்தார்.

அந்த முதல் ஆள் ஒரு வெல்டர். வாரம் ஒரு முறை வருவார். மூன்று வாரத்தில் அவருக்குக் கிடைத்தவை: விடியற்காலையில் ஓட வேண்டும், பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், வாயில் ஏலக்காய் அடக்கிக்கொள்ள வேண்டும், மகள் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெல்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். சொல்ல வந்தது தொண்டையோடு நின்றது.

நான்காம் வாரம் வந்தபோது அவரிடம் ஒரு சேதி இருந்தது. நாற்பத்தேழு நாள் தொடாமல் இருந்தவர், முந்தின நாள் மதியம் குடித்துவிட்டார். இன்னொரு தரம் குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தார். இங்கே யாரிடமாவது முதலில் சொல்லிவிட வேண்டும். அது முடியாவிட்டால் இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இந்த முடிவோடுதான் வந்திருந்தார்.

அன்றைக்கென்று பார்த்து, பயிற்சியை மேற்பார்வை பார்க்கும் பெண், புத்திமதியாரின் மகள் வயதுதான் இருக்கும், ஓர் உத்தரவு போட்டிருந்தார். அரை மணி நேரத்துக்கு ஒரு யோசனைகூடச் சொல்லக் கூடாது. புத்திமதியார் சிரித்தார். "இதென்ன பெரிய விஷயம்மா? நினைச்சா எப்ப வேணும்னாலும் நிறுத்திடுவேன்" என்றார். இந்த வாக்கியம் அந்தக் கட்டடத்தில் தினமும் பத்துப் பேர் வாயால் கேட்பதுதான். அந்தப் பெண் மூலையில் போய் உட்கார்ந்தார்.

வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. ஏழாவது நிமிடம் புத்திமதியாருக்கு உள்ளங்கை வியர்த்தது. ஒன்பதாவதில் முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. ஒரே ஒரு யோசனை, சின்னதாக, நாளையிலிருந்து அடியோடு விட்டுவிடலாம் என்று மனசு கெஞ்சியது. கேள்வியாகக் கேட்டால் யோசனையில் சேராதே என்று தோன்றியது. "காலையில ஓடினா நல்லா இருக்குமோன்னு உங்களுக்கே எப்பவாவது..." என்று இழுத்தார். மூலையிலிருந்து ஓர் இருமல் வந்தது. வாய் மூடிக்கொண்டது, கை நடுங்கியது.

அப்போதுதான் வெல்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நடுக்கம் அவருக்குத் தெரியாததா?

"எத்தனை நாளாச்சு சார் விட்டு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பதினாலு நிமிஷம்" என்றார் புத்திமதியார், பரிதாபமாக.

எதை விட்டார் என்று வெல்டர் கேட்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். "ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும். கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க, அடங்கிடும்." பிறகு, சக நோயாளியிடம் பேசுகிற உரிமையோடு சொன்னார். "நான் நாப்பத்தேழு நாள் ஓட்டினேன். நேத்து விழுந்துட்டேன் சார். வீட்ல இன்னும் தெரியாது."

புத்திமதியாரின் நாக்கு நுனியில் அந்த நிமிடம் பதினொரு யோசனைகள் வரிசை கட்டி நின்றன. எண்ணிப் பார்த்ததாக அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லைத்தான் வெளியே விட்டார்.

"சொல்லுங்க."

வெல்டர் முக்கால் மணி நேரம் பேசினார். எழுந்தபோது, மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுவதாகவும், அவர் வர மாட்டேன் என்று சொல்லாவிட்டால் அடுத்த வாரம் அவரையும் அழைத்து வருவதாகவும் சொன்னார். அழைத்தும் வந்தார். அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் வந்து உட்கார்ந்தார். எனக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

புத்திமதியார் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? வெல்டர் படியிறங்கிய மறு நிமிடமே, நடைவழியைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் துடைப்பத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாராம். நாளைக்கு மறுபடி முயற்சி செய்வாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வெல்டர் அதை மனைவியிடம் எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று படிக்கும்போதே உங்களுக்கு ஒரு வழி தோன்றியதே, உங்களிடம் அதை யார் கேட்டார்கள்? உங்கள் வீட்டிலும் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போயிருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும். அவரை இன்றைக்கே கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, முதலில் நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால்...

போச்சு. நானும் ஆரம்பித்துவிட்டேன்.