அவர்கிட்ட சொல்லு

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு யாரும்மா சொன்னா? அவர் முதல்ல போடட்டும், அப்புறம் நான் போடறேன். போய் அவர்கிட்ட சொல்லு."

ஜெர்மன் துறைத் தலைவி இதைச் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை ஒற்றை விரலால் தள்ளினார். அது மேசை விளிம்பு வரை வந்து நின்றது. அதற்கு மேல் தள்ளுவது தன் பதவிக்கு அழகல்ல என்பது போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தபாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தபால் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. இரண்டு பேருக்கும் மாதத்தில் பாதி நாள் பேச்சுவார்த்தை கிடையாது. கிரீஸ் படிந்த கருவிப் பையை அப்பா சாப்பாட்டு மேசைமேல் வைப்பார்; அம்மா வாயை மூடிக்கொள்வாள். அதன் பிறகு அந்த வாய் மகளிடம் மட்டும்தான் திறக்கும். "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலைன்னு." இத்தனைக்கும் இருவரும் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இதுதான் உத்தியோகம். ஒருநாள் சித்தி வந்து பார்த்துவிட்டு, "பாவம்டி இவ, தபால்!" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையோடு ஜெர்மனும் சேர்ந்த படிப்பை ஏன் எடுத்தாய் என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது, உலகச் சந்தை, எதிர்காலம் என்று ஏதேதோ சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. அந்தப் படிப்பில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம். ஆறு மாதம்! 'போய்ச் சொல்லு' என்று யாரும் சொல்லாத ஆறு மாதம்! அதற்காகத்தான் மேசையை ஆண்பால் என்றும், கதவைப் பெண்பால் என்றும், பெண்பிள்ளையை மட்டும் ஒன்றன்பால் என்றும் சொல்கிற அந்த அநியாயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். கூடச் சேர்ந்த மூன்று பேரும் பாதியில் ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் நின்றாள்.

இப்போது இரண்டு துறைத் தலைவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பயணம். போடாவிட்டால் அதே ஃபேன், அதே கருவிப் பை.

மேலாண்மைத் துறை வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. நடுவில் கால்பந்து மைதானம். மண்டையைப் பிளக்கும் வெயிலில் அதைக் கடந்து போனாள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜெர்மன் மேடம் அனுப்பினாங்களா? போ போ, சீக்கிரம் போ," என்று கதவைத் தானே திறந்துவிட்டார். அவருக்கு என்ன இத்தனை ஆர்வம் என்று அவளுக்குப் புரியவில்லை.

துறைத் தலைவர் விஷயத்தைக் கேட்டார். அவர் மேசையில் ஒரு புகைப்படச் சட்டம் குப்புறப் படுத்திருந்தது. அதன்மேல் காபிக் கோப்பையை டக்கென்று வைத்தார்.

"நான் ஏன் முதல்ல போடணும்? எப்பவும் நான்தான் இறங்கி வரணுமா? போய் அவங்ககிட்ட சொல்லு."

சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நேர்மைக்கு என்ன பலன் என்று உடனே தெரிந்தது.

"'எப்பவும்'னா சொன்னார்?" மேடத்தின் மூக்கு சிவந்தது. "அவர் எப்ப இறங்கி வந்தார்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லு."

மறுபடியும் மைதானம்.

"ஒரு தடவையா? எத்தனை வேணும்னு கேளு!" என்றார் சார்.

மறுபடியும் மைதானம். கையெழுத்து என்கிற பேச்சு நடுவில் எங்கேயோ புல்லில் விழுந்துவிட்டது. இவர்களுக்குச் சம்பளம், நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு ஃபோனை எடுத்துப் பேச வாயில்லை! வீட்டில் கட்டணமில்லாத தபால் வேலை, இங்கே கட்டணம் கட்டித் தபால் வேலை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சார் நடத்திய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. மோதல் வந்தால் இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டுமாம். அவர் சொன்ன மருந்தை அவருக்கே கொடுப்போம் என்று, நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கூட்ட அறையைக் கேட்டு வாங்கினாள். இருவரையும் அழைத்தாள். ஆச்சரியம், இருவரும் வந்தார்கள்.

மேசையின் அந்தக் கோடியில் மேடம். இந்தக் கோடியில் சார். நடுவில் தபால்.

"எதுக்குக் கூப்பிட்டார்னு கேளு," என்றார் மேடம்.

"சார் கூப்பிடல மேடம், நான்தான்..."

"நான் கூப்பிடலைன்னு சொல்லு," என்றார் சார்.

"கேட்டுச்சு, எனக்கு ஒண்ணும் காது செவிடு இல்லைன்னு சொல்லு."

"காது கேக்கும், சொன்னாத்தான் கேக்க மாட்டாங்கன்னு சொல்லு."

டென்னிஸ் பார்ப்பவள் போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒரே நேரத்தில் கதவுக்கு வந்தார்கள். அந்த அறைக்கு இருந்ததோ ஒரே கதவு.

"முதல்ல அவங்களைப் போகச் சொல்லு."

"அவரைப் போகச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அறையைப் பூட்ட அட்டெண்டர் சாவியோடு வரும்வரை இரண்டு துறைத் தலைவர்களும் கதவுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பப்பா, என்ன ஆளுங்க!" என்றாள் தபால், அவர்கள் போனதும்.

அட்டெண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விடாதேம்மா, உன்னால முடியும்," என்றார்.

இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. அது அவளுடைய குலத்தொழில் ரகசியம். வீட்டில் அவள் செய்திகளை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதை என்றோ நிறுத்திவிட்டாள். அம்மா, "அந்த மனுஷனைக் கொட்டிக்கச் சொல்லு," என்பாள். அப்பாவிடம் போய்ச் சேரும்போது அது, "அம்மா உங்களுக்காகச் சாப்பிடாம இருக்காங்க," என்று ஆகியிருக்கும். வீட்டு வாசலைத் தாண்டி இந்த வேலையைச் செய்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க வைராக்கியம் கரைந்தது.

மேடம் சொன்னார்: "பிடிவாதத்தைத் தவிர அவருக்கு வேற என்ன தெரியும்னு கேளு."

மைதானத்தைக் கடந்ததும் அது இப்படி ஆயிற்று: "சார், உங்களை மாதிரி உறுதியான ஆளை மேடம் பார்த்ததே இல்லையாம்."

சார் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "அவங்களா? அவங்க வாயாலயா?"

"ஆமா சார்."

"சும்மா சொல்லாதே. இன்னும் அந்தக் கத்தல் என் காதை விட்டுப் போகலைன்னு சொல்லு," என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

அது மேடத்திடம் இப்படிப் போயிற்று: "உங்க குரல் சார் காதுலயே நிக்குதாம்."

மேடம் ஜன்னலிலிருந்து திரும்பினார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தை முழுதாகப் பார்த்தாள். "அப்படியா சொன்னார்?" என்று கேட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அப்பாடா, வேலை முடிந்தது என்று தபால் நினைத்தாள். முடியவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் சார் புதுச் சட்டையில் வந்தார். தலைமுடி ஒரே ராத்திரியில் கறுத்திருந்தது. மேடம் வகுப்பில் வினைச்சொற்களைப் பாட்டாகவே பாடினார். அன்று மத்தியானம் தூறல் விழுந்தபோது, எந்த மைதானத்தில் இவள் கால் தேய நடந்தாளோ அதே மைதானத்தில் இருவரும் ஒரே குடைக்குள் போனார்கள்.

"சார், கையெழுத்து..."

"அதுக்கென்ன அவசரம்? சாயங்காலம் காபிக் கடைக்கு வரச் சொல்லி அவங்ககிட்ட சொல்லு."

இதென்ன விபரீதம் என்று தபால் பயந்தாள். ஏனென்றால் இருவருமே திருமணமானவர்கள். மேடம் இந்தப் பருவம்தான் வேறு வளாகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வகுப்பில் தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான். என் கணவர் குறட்டை விடுகிறார். என் கணவர் குறட்டை விட்டார். என் கணவர் குறட்டை விடுவார். மூன்று காலமும் அவளுக்கு அந்தக் குறட்டையில்தான் மனப்பாடமாயிற்று. சாரும் அப்படித்தான். பேரம் பேச முடியாத எதிர்த்தரப்பு என்ற பாடம் வந்தால், "உதாரணத்துக்கு என் மனைவி," என்றுதான் தொடங்குவார்.

குறட்டை விட்டாலும் கணவர் கணவர்தானே? பேரம் பேச முடியாவிட்டாலும் மனைவி மனைவிதானே? ஒரு கையெழுத்துக்காக இரண்டு குடும்பத்தில் நெருப்பு வைத்துவிட்டோமே என்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, போனால் போகிறது படிப்பு என்று நேராகச் சாரிடம் போய் நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடத்துக்குக் கல்யாணமாயிடுச்சு."

"தெரியுமே," என்றார் சார். சிரித்தார் வேறு.

"அவங்க வீட்டுக்காரர்..."

"அவன் கிடக்கான், முட்டாள்! இத்தனை நாள் அவங்க அருமை தெரியாம இருந்துட்டான்."

மைதானத்தைக் கடந்து ஓடினாள். பெண்ணுக்குப் பெண் சொன்னால் புரியும் என்று நினைத்தாள்.

"மேடம், சாருக்கு ஒரு மனைவி இருக்காங்க."

மேடம் கைக்கண்ணாடியில் பொட்டைச் சரி பார்த்துக்கொண்டே, "இருக்கட்டுமே," என்றார். "அவ அவரைச் சரியா கவனிச்சுக்கல. வேற என்ன சொன்னார்?"

படித்தவர்கள்! ஆளுக்கு இரண்டு பட்டம்! வெட்கமில்லை, பயமில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதரும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனுஷியும் ஆயிரம் சண்டை போட்டாலும் ஒருவர் சாப்பிடாமல் இன்னொருவர் தூங்கியதில்லை. அவர்கள் கால் தூசிக்கு வருவார்களா இவர்கள்? முதல் தடவையாக அவளுக்குத் தன் பெற்றோரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே பேனாவில் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டார்கள். "நல்லா இரும்மா, எங்களுக்கு நீ செஞ்ச உதவியை மறக்க மாட்டோம்," என்றார் சார். அந்த உதவியை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது. விண்ணப்பத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெளிநாடு அவள் கனவு கண்டதைவிட நன்றாக இருந்தது. அங்கே யாரும் யார் மூலமாகவும் எதையும் சொல்லவில்லை. குப்பையைத் தொட்டி மாற்றிப் போட்டதற்குப் பக்கத்து அறைப் பெண் நேராக வந்து, முகத்தைப் பார்த்து, தப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள். தபாலுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. கூட்டுத் திட்ட வகுப்பில் ஒருவன் அவள் தயாரித்த வரைபடம் நன்றாக இல்லை என்று அவளிடமே சொன்னான். ஆகா, என்ன நாகரிகம்! ஆனாலும் படுக்கும்போது முகம் தெரியாத இரண்டு பேர் கண்முன் வந்தார்கள்: குறட்டை விடும் ஒரு கணவர், பேரம் படியாத ஒரு மனைவி. பாவம், அவர்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அழைத்தாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தப் பையை மேசையிலேருந்து எடுக்கச் சொல்லி."

"அம்மா! அப்பா எங்கே இருக்கார்?"

"இதோ, எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்."

"அப்ப நீயே சொல்லேம்மா!"

"நான்தான் பேசறதில்லையே. நீ சொல்லு, ஸ்பீக்கர்ல போடறேன்."

அவளுக்குள் இருபது வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. "கடல் தாண்டி வந்தும் விட மாட்டீங்களா? இனிமே நான் தபால் இல்ல. எதுவா இருந்தாலும் நீங்களே பேசிக்குங்க!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தாள். மனசு லேசாகிவிட்டது. அவ்வளவுதான், இன்றோடு தபால் நிலையத்தை இழுத்து மூடியாயிற்று.

ஃபோன் மறுபடியும் அடித்தது.

"அதான் சொல்லிட்டேனே!" என்று எடுத்தவுடன் சீறினாள்.

எதிர்முனையில் அம்மா இல்லை. ஜெர்மன் மேடம். மூச்சு வாங்கியது அவருக்கு. பின்னால் எங்கோ அழைப்பு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் உன்னால வந்தது!" என்றார் மேடம்.

குட்டு உடைந்துவிட்டது. அந்த மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"மேடம், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொல்லாததெல்லாம் சொன்னேன். உங்க ரெண்டு குடும்பத்தையும் நான்தான்..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீ முதல்ல உங்க சாருக்கு ஃபோன் போட்டுச் சொல்லு: எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷமாச்சு, இன்னும் வெளியில போறப்ப வீட்டுச் சாவியை எடுத்துட்டுப் போகத் தெரியல, எவ்வளவு நேரம் மணி அடிச்சாலும் நான் கதவைத் திறக்கறதா இல்லைன்னு அவர்கிட்ட சொல்லு!"